பாலத்தில் நின்றவன்

என் தம்பி ராய் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து சமையலறை மேசைமேல் போட்டபோது, அட்டையில் இருந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. மொட்டைத் தலையும் கட்டிய கையுமாக, யாரையோ அடிக்கப் போகிறவன் மாதிரி முறைத்துக்கொண்டு நின்றான் வின்ஸ் ஹோல்ராய்ட். எங்கள் தெருவிலேயே வளர்ந்தவன். முனைவீட்டு நாய்க்குப் பயந்து சுற்றுவழியில் பள்ளிக்கூடம் போனவன். அட்டையின் அடியில் சிவப்பு எழுத்தில், 'ஆல்டர்ஷா டவுன் ரவுடிகளின் உண்மைக் கதை' என்று போட்டிருந்தது. ஆல்டர்ஷா டவுன் எங்கள் ஊர்க் கால்பந்து அணி; அதன் பெயரைச் சொல்லி அடிதடி செய்தவர்கள்தான் இந்த ரவுடிகள்.

"தொண்ணூத்தாறாம் பக்கத்தைப் படி. அதுல நான் வர்றேன்," என்றான் ராய்.

"நீயா?"

"படியேன்."

ராய்க்கு இடது கண் கிடையாது. கண்ணாடிக் கண்தான். எண்பத்து நாலில் கார்ன்லி என்ற ஊருக்கு மேட்ச் பார்க்கப் போனபோது போனது. மைதானத்துப் படிக்கட்டில் விழுந்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னான். அம்மா சாகும்வரை அதையே நம்பினாள், அல்லது நம்பியதுபோல இருந்தாள். நான் ஒருநாளும் நம்பவில்லை. ஆனால் கேட்டாலே எழுந்து போய்விடுவான் என்பதால் கேட்பதை விட்டுவிட்டேன்.

புத்தகத்தில் வேறு கதை இருந்தது. கார்ன்லி மைதானத்துக்கும் பஸ் நிறுத்துமிடத்துக்கும் நடுவில் ஒரு கால்வாய்ப் பாலம் உண்டு. அதில் எங்கள் ஊர்ப் பையன்கள் ஒரு சிலர் மாட்டிக்கொண்டார்களாம். எதிரே கார்ன்லிக்காரர்கள் நூறு பேர். மற்றவர்கள் பின்வாங்க, வின்ஸும் ராயும் மட்டும் முதுகோடு முதுகு ஒட்டி நின்று பாலத்தைக் காத்தார்களாம். கடைசியில் எவனோ கோழை வீசிய பாட்டில் ராயின் கண்ணில் பட்டது. 'சிங்கம்' என்று எழுதியிருந்தான் வின்ஸ்.

"எப்படி?" என்றான் ராய். அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை.

"நல்லா எழுதியிருக்கான்," என்றேன்.

நல்லாத்தான் எழுதியிருந்தான். ஆனால் அன்றைக்கு நானும் கார்ன்லிக்குப் போயிருந்தேன். அது அவனுக்கு மறந்துபோயிருக்கும். அந்தப் புத்தகத்தில் பெண் என்று வருவது இரண்டே இடத்தில்தான்: ஒன்று வின்ஸின் அம்மா, இன்னொன்று போலீஸ்காரரின் பெண்குதிரை. மழையில் நின்று தொண்டை கிழியக் கத்தி, தோற்று, நனைந்த சாக்ஸோடு வீடு திரும்பிய எங்களில் ஒருத்திகூட அதில் இல்லை.

அன்று மேட்ச் முடிந்ததும் நான் நேராக பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். பஸ்ஸில் பெண்களும் வயசானவர்களும் இருந்தோம். பையன்களில் முதலில் ஓடிவந்தவன் வின்ஸ். முகம் வெளிறிப்போயிருந்தது. யாரோடும் பேசாமல் கடைசி சீட்டில் போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்தான். அப்புறம் மற்றவர்கள் மூச்சிரைக்க வந்தார்கள். எல்லோரும் ஏறிய பிறகு, கார்ன்லி மஃப்ளர் போட்ட நடுவயசுக்காரர் ஒருவர் ராயைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு வந்தார். மஃப்ளரின் ஒரு நுனி அவர் கழுத்திலும் மறுநுனி ராயின் கண்ணிலும் இருந்தது. முதுகோடு முதுகு ஒட்டி நின்றவர்களில் ஒருத்தன் பஸ்ஸில் அத்தனை நேரம் என்ன செய்துகொண்டிருந்தான்?

அந்தப் பக்கத்தைப் படித்ததிலிருந்து எனக்கு அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு வரிமேலும் சந்தேகம். 'நாங்கள் சண்டைக்கு வந்தவனோடுதான் சண்டை போட்டோம், சாதாரண ஜனங்களை விரலால்கூடத் தொட்டதில்லை' என்று ஓரிடத்தில் வருகிறது. ஸ்டேஷன் ரோட்டில் மஹ்மூத் மளிகைக்கடை வைத்திருந்தார். மேட்ச் இருக்கும் சனிக்கிழமைகளில் காலையிலேயே ஜன்னலுக்குப் பலகை அடித்துவிடுவார். அவர் என்ன, இவர்களோடு சண்டைக்கா வந்தார்? அவர் கடையைக் கடக்கும்போது இவர்கள் பாடிய பாட்டு எனக்கு நினைவிருக்கிறது. புத்தகத்தில் நிறையப் பாட்டுகள் இருக்கின்றன. அது மட்டும் இல்லை.

இதுபோல் வேறு புத்தகம் உண்டா என்று நகர நூலகத்தில் கேட்டேன். அங்கிருந்த பெண் சிரித்தாள். "இப்ப ஊருக்கு ஊர் ஒண்ணு வந்திருக்கு. எல்லா அட்டையிலயும் ஒரு மொட்டை," என்று சொல்லி, கார்ன்லிக் கும்பலைச் சேர்ந்த ஒருவன் எழுதியதையும் வரவழைத்துக் கொடுத்தாள். அதிலும் அதே நாள், அதே பாலம். ஆனால் அதில் நூறு பேர் வந்தது ஆல்டர்ஷாவிலிருந்து, ஒரு சிலராக நின்றது கார்ன்லிக்காரர்கள், ஓடியது நாங்கள். இரண்டு புத்தகத்திலும் எதிரிதான் அதிகம். இரண்டிலும் யாரும் பயப்படவில்லை. இந்தக் கணக்குப்படி பார்த்தால் ஓடியவன் என்று உலகத்தில் ஒருத்தனும் இல்லை.

ஆனால் கார்ன்லிக்காரன் புத்தகத்தில் வின்ஸ் எழுதாத ஒரு வரி இருந்தது. மைதான வாசலில் மேட்ச் விவரம் அச்சடித்த புரோக்ராம் தாள்கள் விற்கும் ஆள் ஒருவர், கண்ணில் ரத்தத்தோடு கிடந்த ஆல்டர்ஷாப் பையனைத் தூக்கிக்கொண்டு போனாராம். 'எங்களுக்கும் ஒரு தர்மம் உண்டு என்பதால் வழிவிட்டோம்' என்று பெருமை வேறு. ராயைத் தோளில் சாய்த்து வந்த மஃப்ளர்காரர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

அதற்குள் வின்ஸின் புத்தகத்துக்கு எங்கள் ரசிகர் சங்கக் கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம். கூடம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் வயிறு தள்ளி, மூட்டுவலியோடு வந்த பழைய பையன்கள். ராய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். வின்ஸ் மைக்கைப் பிடித்து ஒரு மணிநேரம் பேசினான். நன்றாகத்தான் பேசுவான். எனக்கே இரண்டு இடத்தில் சிரிப்பு வந்தது. கேள்வி உண்டா என்று கேட்டதும் எழுந்தேன்.

"வின்ஸ், பாலத்துல நீயும் ராயும் கடைசிவரைக்கும் நின்னீங்கன்னு எழுதியிருக்கே. நான் அன்னிக்கு பஸ்ல இருந்தேன். முதல்ல ஓடிவந்து ஏறினவன் நீதானே?"

பின்னாலிருந்து எவனோ, "மாட்டினான்டா மொட்டை!" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள். வின்ஸும் சிரித்தான். ஆனால் கண் என்மேலிருந்து நகரவில்லை.

"நோரீன் கண்ணு, நீ அன்னிக்கு ஸ்வெட்டர் பின்னிட்டு இருந்திருப்பே. எவன் எப்ப ஏறினான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் பொறந்ததுலேர்ந்து ஊசியத் தொட்டதில்ல. டவுன் பஸ் ஓட்டறவடா நான். யார் ஏறினாங்க, யார் இறங்கினாங்கன்னு பாக்கறதுதான் என் பொழைப்பு."

இன்னும் பெரிய சிரிப்பு. அப்போதுதான் ராய் எழுந்தான். திரும்பி என்னைப் பார்த்தான்.

"உக்காரு நோரீன். அவன் எழுதினதுதான் நடந்தது. எனக்குத் தெரியாதா? கண்ணு போனது எனக்கா உனக்கா?"

கை தட்டினார்கள். என் முகம் பற்றி எரிந்தது. கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வின்ஸ் என் பின்னாலேயே வந்தான்.

"என்மேல எதுக்கு இவ்வளவு கோபம்? அந்தக் கதைய நான் இட்டுக்கட்டல. வீவர்ஸ் பப்புல ராய் சொன்னதத்தான் எழுதினேன். வருஷக்கணக்கா அவன்தான் சொல்லிட்டிருக்கான். போய்க் கேளு."

"நீ ஓடினது?"

"ஓடினேன். எல்லாரும்தான் ஓடினோம். ஓடினதப் படிக்க எவன் புத்தகம் வாங்குவான்?"

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஓடினேன் என்று அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதுதான் எனக்கு உறுத்தியது. வேறெதையோ கேட்டுவிடுவேனோ என்று முந்திக்கொண்டு இதைக் கொடுத்தவன் மாதிரி இருந்தது.

அடுத்த முறை கார்ன்லியில் மேட்ச் நடந்த நாளில் ரயில் ஏறினேன். மைதான வாசலில் ஒரு சின்னப் பெண்தான் புரோக்ராம் விற்றுக்கொண்டிருந்தாள். முன்பு விற்றவர் யாரென்று கேட்டதும், "வில்ஃபா? அதோ," என்று கை காட்டினாள். கம்பளித் தொப்பியும் கைத்தடியுமாக ஒரு கிழவர் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். முழுப்பெயர் வில்ஃப் ஆக்ராய்ட்.

ஆல்டர்ஷாவிலிருந்து வருகிறேன் என்றேன்.

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும், தாயி? டாக்டரப் பாரு," என்றார்.

எண்பத்து நாலில் கண்ணில் அடிபட்ட பையனின் அக்கா என்றேன். சிரிப்பு நின்றது. நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த படியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"அவன் எப்படி இருக்கான்?"

"இருக்கான். புத்தகத்துல சிங்கமா வந்திருக்கான்." நான் பையிலிருந்து எடுத்து அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும் கைத்தடியால் தரையை ஒரு தட்டுத் தட்டினார்.

"பாட்டிலும் இல்ல, நூறு பேரும் இல்ல. எங்க பசங்க அந்தப் பக்கம் ஓட, உங்க பசங்க இந்தப் பக்கம் ஓட, நடுவுல என் மகன் மார்ட்டின் கால் தடுக்கி விழுந்துட்டான். அவன் சண்டைக்காரன் இல்ல, கண்ணு. எனக்கு புரோக்ராம் கட்டத் தூக்கிட்டு வர்றவன். உங்காளுங்க நாலஞ்சு பேர் சுத்தி நின்னு மிதிச்சாங்க. நான் பாலத்து முனைலேர்ந்து கத்திக்கிட்டே ஓடறேன், என் கால் ஓடமாட்டேங்குது. அப்பதான் உன் தம்பி வந்தான். 'விடுங்கடா, செத்துடுவான்டா'ன்னு ஒவ்வொருத்தனா புடிச்சு இழுத்தான். செவந்த முடிக்காரன் ஒருத்தன் பெல்ட்டக் கழட்டிக் கைல சுத்தியிருந்தான். என் பையன் தலையக் குறிபாத்து ஓங்கினான். உன் தம்பி குறுக்க விழுந்தான். பக்கிள் கண்ணுல பட்டுது."

கேட் பக்கம் கூட்டம் பாடத் தொடங்கியிருந்தது.

"ஏன் யாருக்கும் சொல்லல?"

"போலீசுக்குச் சொன்னேன். ரெண்டு கும்பல் அடிச்சுக்கிட்டாங்கன்னு எழுதிக்கிட்டாங்க. பஸ்ஸுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போறப்ப உன் தம்பி என் கையப் புடிச்சுக்கிட்டு, 'எங்க ஆளுங்ககிட்ட சொல்லிடாதீங்க'ன்னு கெஞ்சினான். கண்ணு போயிட்டிருக்கு, அவனுக்கு அதுதான் கவலை. வாக்குக் குடுத்தேன். நீ அக்கா, அதனால சொல்றேன்."

வின்ஸின் புத்தகத்து நடுவில் பழைய போட்டோக்கள் உண்டு. ஒன்று பையன்கள் கூட்டமாக நிற்பது; அதில் அவனுக்குப் பத்தொன்பது வயசு. மண்டை நிறையச் சிவந்த சுருட்டை முடி. அந்தப் பக்கத்தைத் திறந்து எதுவும் சொல்லாமல் அவர் மடியில் வைத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நெடுநேரம் பார்த்தார். அவர் விரல் ஒவ்வொரு முகமாக நகர்ந்து வின்ஸின் முகத்தில் நின்றது.

"சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன், தாயி. உங்க ஊர்ல பாதிப் பேருக்கு இந்த முடிதானே," என்றார். ஆனால் விரலை எடுக்கவில்லை.

திரும்பும்போது ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். ராய்க்குத் தெரியுமா? தெரியாமல்தான் வாராவாரம் வின்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து மேட்ச் பார்க்கிறானா? ஒரே பாக்கெட் சிப்ஸில் கைவிட்டுத் தின்கிறார்களே இருவரும். அந்தப் பாலத்துக் கதையை முதலில் சொன்னது யார், யாருக்காக? தம்பி என்று நான் வளர்த்தவனைப் பற்றியே எனக்குச் சந்தேகம் வந்தது. அது மோசமான உணர்ச்சி.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். டீ போட்டுக்கொண்டிருந்தான்.

"கார்ன்லிக்குப் போயிருந்தேன். வில்ஃப் ஆக்ராய்டப் பார்த்தேன்."

பெயர் அவனுக்குத் தெரியவில்லை. "அவன் யாரு?"

"உன் கண்ணுல மஃப்ளரக் கட்டினவரு."

கெட்டிலை அடுப்பில் வைத்தவன் அதன் கைப்பிடியை விடாமல் அப்படியே நின்றான். பிறகு கேட்டான், "அந்தப் பையன்? உயிரோட இருக்கானா?"

"தெரியாதா உனக்கு?"

"எப்படித் தெரியும்? யார்கிட்டப் போய்க் கேப்பேன்? அவன் காதுலேர்ந்து ரத்தம் வந்துச்சு நோரீன். செத்திருப்பான்னுதான் நினைச்சேன்."

"இருக்கான். ஒரு காது கேக்காது. பிளம்பரா இருக்கான். பேரு மார்ட்டின்."

உட்கார்ந்தான். கண்ணாடிக் கண்ணிலிருந்தும் நீர் வரும், அதைத் துடைத்துக்கொண்டே இருப்பான். அன்று துடைக்கவில்லை.

"அடிச்சது வின்ஸ்தானே?" என்றேன்.

"ஆமா."

"அவனுக்குத் தெரியுமா?"

"அடிச்சவனுக்குத் தெரியாதா? அவனுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியுமாங்கறதுதான் இருபது வருஷமாத் தெரியல."

"அப்புறம் எதுக்குடா அந்தக் கதை?"

"அம்மா போனதுக்கப்புறம் ஒருநாள் வீவர்ஸ்ல எவனோ கேட்டான், நிஜமாவே கண்ணு எப்படித்தான் போச்சுன்னு. வின்ஸ் பக்கத்துல இருந்தான். கிளாசைக் கீழ வெச்சிட்டு என்னையே பார்த்தான். நான் என்ன சொல்லப் போறேன்னு பாக்கறான். கார்ன்லிக்காரனக் காப்பாத்தப் போய் நம்மாளு கையால அடிவாங்கினேன்னு அங்க சொல்ல முடியுமா? அப்புறம் எவன் என்கூடப் பேசுவான்? வாய்க்கு வந்ததச் சொன்னேன். பாலம், நூறு பேர், பாட்டில். பாவம்னு அவனையும் என் முதுகுக்குப் பின்னால நிக்கவெச்சேன். எழுந்து போய் எனக்கு ஒரு பியர் வாங்கிட்டு வந்தான்."

"பாவமா? அவன் உன் கண்ண எடுத்தவன்டா!"

"வேணும்னு என்னையா அடிச்சான்?"

"அந்தப் பையன வேணும்னுதானே அடிக்கப் போனான்?"

ராய் எழுந்து அடுப்பை அணைத்தான். டீ போடவில்லை. நான் வெளியே வரும்போது, "அவர் நம்பர் இருக்கா உங்கிட்ட?" என்று கேட்டான். வில்ஃப் எழுதிக் கொடுத்த நம்பரைக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் ஊரில் மேட்ச். ராயின் சீட் காலியாக இருந்தது. பக்கத்து சீட்டில் வின்ஸ் முழு மேட்சும் கழுத்தைத் திருப்பித் திருப்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் கோல் போட்டபோதுகூட எழுந்திருக்கவில்லை. மேட்ச் முடிந்து நான் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் கதவைத் தட்டினான்.

"ராய் எங்க? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கான். கார்ன்லிக்குப் போயிருக்கான்."

"கார்ன்லிக்கா? நம்ம மேட்ச விட்டுட்டா? எதுக்கு?"

"சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க."

"யாரு?"

"யாரோ ஒரு பிளம்பராம்."

வின்ஸ் உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. அட்டைப்படத்தில் கட்டியிருந்த கைகளை இப்போது எங்கே வைப்பதென்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டான், எடுத்தான்.

"புத்தகம் ரெண்டாம் பதிப்பு வருது," என்றான். "ராய் ஏதாவது மாத்தணும்னு சொன்னானா?"

"எங்கிட்ட எதுவும் சொல்லல."

"வேற ஏதாவது சொன்னானா? என்னப் பத்தி?"

"அவனையே கேளேன்."

அன்று அவன் ராயைக் கேட்கவில்லை. அது எனக்குத் தெரியும். ராய் சாயந்திரம் திரும்பி வந்து என் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தான். மார்ட்டின் அவனைவிட மோசமாகக் கால்பந்து பேசுகிறவனாம். ஆஃப்சைடு பற்றிச் சண்டையே வந்துவிட்டதாம். கேட்காத காதுப்பக்கம் உட்கார்ந்ததால் பாதிச் சண்டை வீண் என்றான். அவர்கள் பாலத்தைப் பற்றிப் பேசினார்களா என்று கேட்டேன். "வாசல்லயே பேசி முடிச்சிட்டோம். என்னக் கட்டிப் புடிச்சிட்டு விடவே மாட்டேன்னுட்டான்," என்றான். இரண்டு முறை அவன் போன் அடித்தது. வின்ஸின் பெயரைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு மேட்ச்களில் ராய் என் பக்கத்தில் உட்கார்ந்தான். வின்ஸைப் பார்த்தால் தலையசைப்பான். அவ்வளவுதான். சண்டை இல்லை, திட்டு இல்லை, விளக்கம் இல்லை. வின்ஸுக்கு அதுதான் தாங்கவில்லை போலிருக்கிறது. தூரத்திலிருந்து எங்களையே பார்ப்பான். நாங்கள் குனிந்து பேசினால் அவனைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொள்வான். பெரும்பாலும் நாங்கள் கோல்கீப்பரைத்தான் திட்டிக்கொண்டிருப்போம்.

வசந்தகாலத்தில் இரண்டாம் பதிப்பு வந்தது. கடையிலேயே நின்று திறந்து பார்த்தேன். பாலம் இருந்தது. நூறு பேர் இருந்தார்கள். ராய் தனியாக நின்றான். வின்ஸ் மட்டும் காணோம். அன்று தனக்குக் கடும் காய்ச்சல் என்றும், கார்ன்லிக்கே போகவில்லை என்றும், நண்பர்கள் சொல்லக் கேட்டதைத்தான் எழுதுகிறேன் என்றும் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருந்தான்.

வாங்கிக்கொண்டு போய் ராயிடம் காட்டினேன். படித்தான். மறுபடி படித்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். மேசையைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தான்.

"நான் குடுத்த இடத்தையும் காலி பண்ணிட்டுப் போயிட்டான் பாரு," என்றான்.

அன்று மதியம் வீவர்ஸுக்குப் போனோம். இரண்டு பதிப்பையும் ஒப்பிட்டுப் படித்த எவனோ, "அப்ப நிஜமா என்னதான்டா நடந்துச்சு ராய்?" என்று கேட்டான். கடைசி மேசையில் வின்ஸ் இருந்தான். கிளாசைக் கையில் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"கார்ன்லிப் பையன் ஒருத்தன் கீழ கிடந்தான்," என்று ஆரம்பித்தான் ராய்.

எல்லாவற்றையும் சொன்னான். அடித்தவன் பெயரை மட்டும் சொல்லவில்லை. நம்ம ஆளு ஒருத்தன் என்றான். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து வேறு மேசைக்குப் போனார்கள். ஒருத்தன், "கார்ன்லிக்காரனுக்காகவா?" என்று முகத்தைச் சுளித்தான். இன்னொருவன் ராயின் தோளில் கை வைத்துவிட்டு எடுத்தான். அதற்குள் அங்கிருந்த எல்லோரும், சிவந்த முடி இருந்தவன், இல்லாதவன், மொட்டை, நரை என்று பார்க்காமல் ஒருவரையொருவர் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள்.